அறுபத்தொன்றில் நிற்கும் தாய்மாமன்

ஆவணி 13, வெள்ளி

வெயில். காற்றும் உண்டு, ஆனால் வெறுங்கையோடு வராத காற்று. கரிசல் புழுதியில் பாதி எங்கள் மாடி ஜன்னல் வழியாகத்தான் ஊருக்குள் நுழைகிறது. விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன். விழுந்த மண் ஒரு விதைப்புக்குக் காணும்.

காலை: அறிக்கை ஏற்றியது. 'பெற்றுக்கொண்டோம், நன்றி' என்று பதில். மதிப்பெண் 61.

மதியம்: மறுபடி ஏற்றியது. பெற்றுக்கொண்டார்கள், நன்றி. 61.

சாயங்காலம்: டீ, பருப்பு வடை. வடைக்குள் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. பிறகு ஏற்றியது. நன்றி. 61.

இத்தனை நன்றி என் வீட்டில் மொத்தமாகக்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

கலா போன். என் தங்கை. புதூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பிறந்த பாப்பா. வருகிற வியாழக்கிழமை அவர்கள் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கூடப்பிறந்த மாமன் என்று இருப்பது நான் ஒருத்தன்.

"புதன்கிழமை சாயங்காலமே வந்துருண்ணே."

"வாரேன். ஒரு எண்ணு மட்டும் மாறணும்ட்டி."

"என்ன எண்ணு? லாட்டரியா?"

சொன்னேன். நாங்கள் எழுதுகிற புரோகிராம் ஒரு ஊர். சோதனை என்று தனியாக ஒன்று எழுதுவோம், அது தேர். எந்தெந்தத் தெருவில் தேர் போனது என்று ஒரு இயந்திரம் கணக்கெடுக்கும். அந்தக் கணக்கை வெளிநாட்டில் இருக்கிற ஒரு தளத்தில் ஏற்ற வேண்டும். நூறு தெருவில் எண்பதுக்குத் தேர் போயிருந்தால் பச்சை. குறைந்தால் சிவப்பு. சிவப்பென்றால் எங்கள் சரக்கு வெளியே போகாது. நானும் போக முடியாது.

"தேரு தெருவுல போச்சு, சரி. அந்தத் தெருக்காரனுக்கு நல்லது நடந்துச்சான்னு யாரு பாப்பா?"

"அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாவ."

"இதுக்கா சம்பளம் குடுக்காவ?"

வைத்துவிட்டாள். கம்மல் வாங்கியாகிவிட்டது, அரிசி மணி அளவு கல் வைத்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். வீட்டில் வைத்தால் பத்திரமான இடத்தில் வைத்து என் மனைவி மறந்துவிடுவாள். அவள் பத்திரப்படுத்திய என் பட்டப்படிப்புச் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை.


ஆவணி 14, சனி

மேகம் வந்து, எட்டிப் பார்த்து, விளாத்திகுளம் பக்கம் போய்விட்டது.

கீழே விதைக் கடையில் கூட்டம். மழைக்கு முன்னால் வாங்கி வைக்கிறவர்கள் பாதி, மின்விசிறிக்கு அடியில் நிற்க வந்தவர்கள் பாதி. பூச்சி மருந்து வாசனை படியேறி வந்து எங்களோடு வேலை பார்க்கிறது.

கடையும் சங்கரலிங்கம் அண்ணாச்சியுடையது, மாடியில் இந்தக் கம்ப்யூட்டர் ஆபீசும் அவருடையது. மகன் ஆரம்பித்தான். ஆஸ்திரேலியா போய்விட்டான். மிச்சச் சரக்கோடு எங்களையும் அண்ணாச்சி பொறுப்பேற்றுக்கொண்டார். ஐரோப்பாவில் யாரோ பூ விற்கிறார்கள். எந்தப் பூ எந்தக் கிடங்கில் கிடக்கிறது என்று சொல்லும் புரோகிராமைச் சென்னைக் கம்பெனி ஒன்று எடுத்து, அதில் ஒரு துண்டை எங்களுக்குக் கிள்ளிக் கொடுத்திருக்கிறது. மல்லிகைப் பூ வாங்கிப் போகாததற்கு வீட்டில் திட்டு வாங்குகிறவன், நாற்பத்தெட்டு வயதில் கண்காணாத பூவுக்குக் காவல்.

ஆட்கள்: நான். ஜெயசீலி, சுருக்கமாக ஜெ.சீ. மற்ற நான்கு நாற்காலிகள் அண்ணாச்சியின் நம்பிக்கை.

ஜெ.சீ.யின் வீட்டுக்காரர் கப்பலில். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாட்டுக்குழுவில் மேல்குரல். மற்ற நாளெல்லாம் அதே மேல்குரல் என்னிடம்.

சென்னை விதி: ஆபீசுக்குள் போன் கூடாது. பூவின் ரகசியம் வெளியே போய்விடுமாம். அதனால் காலையில் கீழே கடைக் கல்லாப் பக்கம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு ஏற வேண்டும். டின்னுக்குள் போன் அடித்தால் எலிப்பொறி ஆடுகிற மாதிரி சத்தம். வாங்க வந்தவர்கள் பயந்துபோகிறார்கள்.

அண்ணாச்சி விதி: அவர் கடிகாரம். ஊர் நேரத்துக்கு அரை மணி முன்னால் ஓடும். தெருவில் முதலில் திறக்கிற கடை என்ற பேர் அவருக்கு அதனால்தான். முதலில் மூடுகிற கடையும் அதுதான், அதை யாரும் சொல்வதில்லை. மாடிச் சுவர்க் கடிகாரத்திலும் அதே நேரம். போன மாதம் புது இயந்திரம் வந்தது, சோதனை ஓட்டவும் அறிக்கை ஏற்றவும். அதுவரை சென்னையே செய்துகொண்டிருந்த வேலை. அண்ணாச்சி மாலை போட்டார். சந்தனம் வைத்தார். அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார், அது நசுங்காததில் கொஞ்சம் வருத்தம். சுவரைப் பார்த்து அதன் நேரத்தையும் திருத்திவிட்டு எழுந்தார்.

இன்றைய ஏற்றுமதி: ஐந்து தடவை. 61, 61, 61, 61. ஐந்தாவதைப் பார்க்கவில்லை. ஜெ.சீ. பார்த்தாள்.

"அண்ணே, 61."

"நான் கேக்கலையே."

"நீங்க மட்டும் நிம்மதியா இருந்தா எப்படி?"


ஆவணி 15, ஞாயிறு

ஆபீசில்தான். ஜெ.சீ. ஆராதனை முடிந்து நேரே வந்தாள், பாட்டுப் புத்தகத்தோடு.

எங்கள் யோசனை: தேர் போகாத தெருக்கள் இன்னும் இருக்கின்றன. ஆகவே இன்னும் சோதனைகள் எழுத வேண்டும். எழுதினோம். பூ வாடினால் என்ன, வண்டி வராவிட்டால் என்ன, பூவே இல்லாவிட்டால் என்ன, பூவின் எடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் என்ன. ஏற்றினோம். பெற்றுக்கொண்டார்கள்.

61.

அரை எண்கூட அசையவில்லை. குண்டுக்கல் மாதிரி. ஜெ.சீ. பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். "இதுக்குமேல வாயில வரது பாட்டா இருக்காது."

கலாவின் மாமியார் பேசியது, கலா சொல்லிக் கேட்டது: "மாமன்காரன் வளைகாப்புக்குக் கடைசிப் பந்திக்கு வந்தான். காதுகுத்துக்குக் கம்மல் மட்டும் கூரியர்ல வருமா?"

பொய் இல்லை. அன்றும் ஏதோ ஒரு சிவப்பு.

இன்னொரு செய்தி. எங்கள் சித்தி மகன் முருகேசன், அருப்புக்கோட்டையில் ஓட்டல் வைத்திருப்பவன், பதினொரு தட்டுச் சீரோடு வருகிறானாம். 'அண்ணன் வேலையா இருந்தா நான் மடி குடுக்கேன்' என்று சொல்லியிருக்கிறான். முருகேசன் மடி பெரிய மடி. இரண்டு பிள்ளை உட்காரலாம். அது ஓட்டல் சாப்பாட்டால் வந்த மடி.

கலா அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கத்தினால் பதில் சொல்லலாம். வைத்துவிட்டால் யாரிடம் சொல்வது.


ஆவணி 16, திங்கள்

புழுக்கம். முதுகில் சட்டை.

சென்னையோடு காணொலிக் கூட்டம். மேலாளர் பிரணவ். நல்ல பையன். தாடியை வளர்த்து வயதைக் கூட்டப் பார்க்கிறான், நான் சாயம் அடித்துக் குறைக்கப் பார்க்கிறேன். நடுவில் எங்கேயாவது சந்திப்போம்.

"சார், வியாழக்கிழமை காலைல ரிலீஸ். புதன்கிழமைக்குள்ள பச்சை வந்துடும்ல?"

"வரும். வந்ததும் எனக்கு வியாழக்கிழமை ஒரு நாள் லீவு வேணும் தம்பி."

"சிஸ்டம்ல போடுங்க சார்."

போட்டேன். காரணம் தேர்ந்தெடுக்கச் சொன்னது. காய்ச்சல் உண்டு. கல்யாணம் உண்டு, சொந்தக் கல்யாணம் மட்டும். சாவு உண்டு, அதற்குள் ஆறு வகை. மடி இல்லை.

கேட்டேன். விளக்கினேன். அவன் மிகவும் ஈடுபாட்டோடு கேட்டான்.

"இன்ட்ரஸ்டிங் சார். உங்களுக்கு பதிலா வேற யாராவது உக்கார முடியாதா? பேக்கப் மாதிரி?"

"பேக்கப் ரெடியா இருக்கான் தம்பி. அதுதான் பிரச்சினையே."

பச்சை வந்தால் லீவு. வராவிட்டால் வியாழக்கிழமை நானும் ஜெ.சீ.யும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே. முடிந்தது பேச்சு.

மதியம் அண்ணாச்சியிடம் போனேன். "சென்னைக்காரன் விடமாட்டேங்கான்னா நான் என்ன செய்யட்டும்? எனக்கு நீங்க மாசம் முழுக்க லீவு எடுத்தாலும் சந்தோசந்தான், கரண்டு மிச்சம்."

மாடிப்படி கடைக்குள்தான் இறங்குகிறது. அண்ணாச்சி மத்தியானச் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கிவிட்டுப் போனால் நாங்கள் உள்ளே. அவர் தூங்கி எழுந்து வந்தால்தான் வெளியே. இன்று நன்றாகத் தூங்கிவிட்டார். ஜன்னல் கம்பி வழியாக ஜெ.சீ. டீக்கடைக்குக் கை காட்டினாள். டீக்கடைக்காரர் திரும்பக் கை காட்டினார். பழக்கமானவர்.


ஆவணி 17, செவ்வாய்

கண் எரிச்சல். இடது காலில் பிடிப்பு. கம்மல் பையில் இருக்கிறது (மூன்று தடவை பார்த்தேன்).

செய்து பார்த்தவை:
ஏற்றுவதற்கான கடவுச்சொல்லை மாற்றியது.
அறிக்கையை வேறு வடிவத்தில் எடுத்தது.
இயந்திரத்தை அணைத்துப் போட்டது.
மாலையைக் கழற்றியது. (காய்ந்துபோய் உள்ளே பூ விழுகிறதோ என்று ஜெ.சீ.க்குச் சந்தேகம்.)
அண்ணாச்சி பார்த்துவிட்டதால் மாலையைத் திரும்பப் போட்டது.

61.

எங்கள் இயந்திரத்தில் பார்த்தால் தேர் தொண்ணூறு தெருவுக்கு மேல் போயிருக்கிறது. படம் வரைந்து காட்டுகிறது. வெளிநாட்டு வாத்தியார் மட்டும் 61 என்கிறார். ஜெ.சீ. அந்தத் தளத்துக்கு வாத்தியார் என்றுதான் பேர் வைத்திருக்கிறாள். "விடைத்தாள வாங்கி வச்சிக்கிட்டு பழைய மார்க்கையே சொல்லுதாரு. எங்க நாலாங்கிளாஸ் வாத்தியார் இப்படித்தான், திருத்தவே மாட்டாரு."

வாத்தியாரின் உதவி மையத்துக்கு எழுதினேன். உடனே பதில். எங்கள் பொறுமைக்கு நன்றியாம்.

கீழே யாரோ யாரிடமோ: "மாடியில என்ன யாவாரம்?" "கம்ப்யூட்டர்ல பூ கட்டுதாவளாம்." "கட்டி?" "அதான் தெரியல. ஒரு வாரமா விக்கலையாம்."

கலாவுக்குப் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. டின்னை இரண்டு தடவை போய்த் திறந்து பார்த்தேன். அண்ணாச்சி, "உள்ள ஏதும் முட்டை வச்சிருக்கீரா?"

பாப்பாவை நான் தூக்கியது ஒரே ஒரு தடவை. பிறந்த புதிதில். என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கலா சிரித்தாள். வெகுநாள் கழித்து அவள் அப்படிச் சிரித்துப் பார்த்தேன். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் தெரியவில்லை. கால் பிடிப்புக்குத் தைலம் வாங்க வேண்டும்.


ஆவணி 18, புதன்

காலையில் நாலு தூறல். அண்ணாச்சி வாசலில் வந்து நின்று வானத்தை அதட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வரை 61.

கலா ஊருக்குக் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். கலாவிடம் சொல்லிவிடலாம் என்று கீழே இறங்கினேன். படியில் வார்த்தை தேடிக்கொண்டே. 'முருகேசனையே உக்காரச் சொல்லுட்டி.' வாயில் வைத்துப் பார்த்தேன். வேப்பங்காய்.

கடையில் சத்தம். இடைசெவல்காரர் ஒருத்தர் அண்ணாச்சியோடு மல்லுக்கு நிற்கிறார். கையில் விதைக் கம்பெனி கூப்பன். ஐந்து பொட்டலம் வாங்கினால் டார்ச் லைட்.

"இது என்ன கள்ளக் கூப்பனா அண்ணாச்சி? உங்க கடையில குடுத்ததுதான?"

"கள்ளம்னு யாருவே சொன்னா? நல்ல கூப்பன்தான். நாளையில இருந்து செல்லும்னு அடிச்சிருக்குல்லா? இன்னும் பொறக்காத நாளுக்கு நான் எப்படி டார்ச்சு குடுப்பேன்? வாங்கி ஓரமா வச்சிக்கிடுதேன், நாளைக்கு வாரும்."

"இந்த வெயில்ல வந்திருக்கேனே."

"வெயிலுக்கும் டார்ச்சுக்கும் என்னவே சம்பந்தம்?"

எனக்குக் கால் பிடிப்பு விட்டுப்போயிற்று. படியில் அப்படியே நின்றேன். நல்ல கூப்பன். வாங்கி ஓரமாக வைக்கிறார்கள். இன்னும் பிறக்காத நேரம்.

அண்ணாச்சி தலைக்கு மேலே அவர் கடிகாரம். அரை மணி முன்னால்.

ஏறினேன். இந்தப் படியில் நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஜெ.சீ. தீ விபத்து என்று பையை எடுத்துக்கொண்டாள்.

"இந்த இயந்திரத்துக்கு நேரம் வச்சது யாரு?"

"அண்ணாச்சி. மாலை போட்ட அன்னைக்கு."

"எந்தக் கடிகாரத்தப் பாத்து?"

அவள் முகத்தில் ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம். நன்றி என்ற வரிக்குக் கீழே மடித்து வைத்திருந்த சின்ன எழுத்தை விரித்தாள். சாம்பல் நிறத்தில், மன்னிப்புக் கேட்கிற மாதிரி: இந்த அறிக்கையின் நேரம் இப்போதைய நேரத்துக்குப் பிந்தியது. கணக்கில் சேர்க்கப்படவில்லை.

"இத நீங்க படிக்கலையாண்ணே?"

"நீ படிச்சிருப்பேன்னு நான் படிக்கல."

"நீங்க படிச்சிருப்பீங்கன்னு நான் படிக்கல."

ஒரு வாரம். இரண்டு பேருக்கும் சேர்த்து நாற்பது வருஷ அனுபவம். தேரைத் தெருத் தெருவாக இழுத்து, கணக்கு எழுதி, நாளைக்கு நடக்கப்போகிற திருவிழா என்று தேதி போட்டு அனுப்பியிருக்கிறோம். வாத்தியார் மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்திருக்கிறார். அண்ணாச்சி மாதிரியே. 61 என்பது சென்னை கடைசியாக ஏற்றியபோது கிடைத்த பழைய மார்க்.

ஆக, நேரத்தை அரை மணி பின்னால் தள்ள வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. ஜெ.சீ. கையை வைக்கப் போனாள். பின்னால் அண்ணாச்சி. நான் ஓடியதைப் பார்த்து அவரும் ஏறி வந்துவிட்டார், மூச்சு வாங்க.

"என்ன செய்யுதீங்க?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. பூச்சி விழுந்த பருத்தியைப் பார்க்கிற முகம்.

"நேரத்தப் பின்னால தள்ளுததா? என் கட்டடத்துலயா? எங்க அப்பா வச்ச நேரம்வே அது. முன்னால வேணா தள்ளுங்க, ஒரு மணி நேரம்கூட தள்ளுங்க. பின்னால தள்ளுனா யாவாரம் பின்னால போகும். விதைப்பு சமயத்துல போய்..."

"அண்ணாச்சி, சுவர்க் கடிகாரத்தத் தொட மாட்டோம். இது ஒண்ணு மட்டும்."

"அதுக்கும் மாலை போட்டிருக்குல்லா?"

"எனக்கு நாளைக்குக் காதுகுத்து."

"உமக்கா?"

"என் மருமகளுக்கு."

"பச்சப்பிள்ளைக்கு நல்லது நடக்கப்போற நேரத்துலயா பின்னால தள்ளச் சொல்லுதீரு? உமக்கு வெவரம் இருக்கா?"

முன்னால் போனால் வாத்தியார் விடமாட்டார். பின்னால் போனால் அண்ணாச்சி விடமாட்டார். கீழே டின்னுக்குள் யாருடைய போனோ அடிக்கிறது. என்னுடையதாகத்தான் இருக்கும். கலாவாகத்தான் இருக்கும்.

ஜெ.சீ. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "சரியா அரை மணிதான் அண்ணாச்சி? கூடக் குறையக் கிடையாதே?"

"எங்க அப்பா கணக்கு. ஒரு நிமிசம் பெசகாது."

"அப்ப நேரத்தத் தொட வேண்டாம். ஊர மாத்திருவோம்."

அவள் வீட்டுக்காரர் கப்பல் போன வருஷம் பங்களாதேஷில் சிட்டகாங் துறைமுகத்தில் கிடந்ததாம். அங்கே நம் நேரத்துக்கு அரை மணி முன்னால். அவர் போன் செய்யும்போதெல்லாம் இவள் அரை மணி கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாளாம். இயந்திரத்திடம் 'நீ இருப்பது டாக்கா' என்று சொல்லிவிட்டால் திரையில் அண்ணாச்சி நேரமே ஓடும். உள்ளுக்குள் உலகத்தோடு ஒத்துப்போகும். டாக்காவில் அந்த நேரம்தான் சரியான நேரம்.

அண்ணாச்சி குனிந்து திரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி திரை.

"பின்னால போகலையே?"

"ஒரு நிமிசம்கூட."

"அப்ப சரி. டாக்கா நல்ல ஊரா?"

"துணி யாவாரம் பிரமாதம் அண்ணாச்சி."

"செய்யும்மா."

செய்தாள். சோதனைகள் ஓடின. அறிக்கை ஏறியது. பெற்றுக்கொண்டார்கள், நன்றி. அண்ணாச்சி எதற்கென்று தெரியாமலே கைகூப்பி நின்றார்.

92. பச்சை. ஒரு வாரம் எழுதியது எல்லாம் ஒரே நேரத்தில் கணக்கில் விழுந்தது.

பிரணவ் மூன்று இதயங்கள் அனுப்பினான். லீவும் அனுமதித்துவிட்டான், 'இதர' என்ற தலைப்பில்.

டின்னிலிருந்து போன். கலா நான்கு தடவை. ஓடிக்கொண்டே, "வாரேன்ட்டி. முருகேசனப் பந்தியக் கவனிக்கச் சொல்லு." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "கம்மல் எடுத்தியா?"

எழுதுவது பஸ்ஸில். பக்கத்து சீட்டில் ஒருவர் மடியில் ஆட்டுக்குட்டி. என் நோட்டை முகர்கிறது. கம்மல் பையில். கடம்பூர் போளி வாங்கி வைத்தது ஆபீசிலேயே கிடக்கிறது. ஜெ.சீ. தின்னட்டும். தகும்.


ஆவணி 19, வியாழன்

நல்ல வெயில், நல்ல காற்று. கோயில் வேப்பமரத்தடியில் எழுதுகிறேன். பந்தி நடக்கிறது. முருகேசன்தான் பரிமாறுகிறான், குறை சொல்ல முடியாத கை. அவன் சீர் பதினொரு தட்டு. என் சீர் ஏழு. கலாவின் மாமியார் இரண்டையும் எண்ணிவிட்டு, "மாமன்காரன் நேரத்துக்கு வந்துட்டானே, அதுவே நாலு தட்டுக்குச் சமம்" என்றார். பதினொன்று ஆகிவிட்டது.

மொட்டை போட்ட பாப்பா. சந்தனத் தலை. மடியில் வந்து உட்கார்ந்ததும் என் கண்ணாடியைப் பிடித்தாள். கலா சிரித்தாள்.

ஆசாரி சப்பணம் போட்டு எதிரே உட்கார்ந்து, "மாமா, எந்திரிக்கப்படாது, அசையப்படாது, பிள்ளைய இறுக்கிப் பிடிச்சிக்கிடுங்க." ஒரு வாரமாக இதே வேலைதான் ஐயா, பழகிவிட்டது என்று சொல்ல நினைத்தேன். மடி சூடாக இருந்தது. பிறகு ஈரமாகவும் இருந்தது.

வலது காது. குத்தியாயிற்று. அலறல். கையைக் காலை உதறியதில் என் சட்டைப் பையிலிருந்த போன் அவள் கைக்குப் போனது. அந்நேரம் பார்த்து அது அடித்தது. அவள் எங்கே அமுக்கினாளோ, திரையில் பிரணவ். காணொலி. மொட்டைத் தலை, ஊசி, ஆசாரியின் மீசை, எல்லாம் ஒரே சட்டகத்தில் அவனுக்கு.

"சார்... சாரி சார்... ஒரு அவசரம். நேத்து ரிப்போர்ட் எல்லாம் டாக்கா நேரத்துல வந்திருக்குன்னு செக்யூரிட்டி டீம் புடிச்சிருக்காங்க. இந்தியாவுக்கு வெளிய வேலை பாக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம் சார். ரிலீஸை நிறுத்திட்டாங்க. உங்க டீம்ல யாரு சார் டாக்கால இருக்காங்க?"

பாப்பா அலறலை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். தாடி பிடித்துவிட்டது போல.

"மாமா, அசையாதீங்க, இன்னொரு காது இருக்கு" என்றார் ஆசாரி.

"டாக்காவுல யாருமே இல்ல தம்பி," என்றேன். "எல்லாரும் இங்கனதான் இருக்கோம்."

கலா போனைப் பிடுங்கி அணைத்தாள். இடது காதும் ஆயிற்று.

பிறகு பார்த்தால் குறுஞ்செய்தி. நாளைக் காலை எட்டரை மணிக்கு விளக்கக் கூட்டம். நானும் ஜெ.சீ.யும் அண்ணாச்சியும் கட்டாயம் இருக்க வேண்டுமாம்.

எந்த எட்டரை என்று கேட்கவில்லை.